ஒரகடத்தில் பிறந்த பிரெஞ்சு வண்டி



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த சிறு நகரம் வத்தேகம. அங்கிருந்து பன்வில நோக்கி ஏறும் வீதியில் மாலை வேளையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாமற் கிடைக்கும். தாயும் தந்தையும் இரண்டு பிள்ளைகளும், சில வேளைகளில் பாட்டியும் ஒருத்தியாக, ஒரே முச்சக்கர வண்டிக்குள் நெருங்கி அமர்ந்து, மழைத் திரையைக் கையால் இழுத்துப் பிடித்தபடி மலையேறுவர். வளைவுகள் மிகுந்த வீதி அது. எதிரே பேருந்து வருமாயின், ஓரமாக ஒதுங்குவதற்கும் சற்றுத் திறமை வேண்டும்.

அவ்வாறு பயணஞ் செய்யும் ஒரு குடும்பத்தின் தலைவர் என் பழைய மாணவர். தோட்டத்தில் பிறந்து, எமது பாடசாலையிற் கற்று, இன்று கண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பதியும் தொழில் செய்கிறார். மாதம் ஒருமுறை தம் தாயாரைக் கண்டி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய கடமை அவருக்குண்டு. அண்மையில் ஒருநாள் என்னிடம் வந்து, “சேர், பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயரோ பிரெஞ்சுப் பெயர். பத்திரத்திலோ இந்தியாவில் உற்பத்தி என்றிருக்கிறது. இது எந்த நாட்டு வண்டி? இதை நம்பி வாங்கலாமா?” என்று வினவினார். அவர் குறிப்பிட்டது ரெனோ நிறுவனத்தின் ‘குவிட்’ என்னும் சிறிய கார். ரெனோல்ட் என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதே நம்மவர் வழக்கம்.

நான் கலைப் பட்டதாரி. இயந்திரவியல் கற்றவன் அல்லன். ஆகவே, “தம்பி, ஒரு கிழமை தவணை தாருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். அவ்வாறு படித்தறிந்தவற்றையே இன்று உங்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

குறைந்த வருமானமுடைய குடும்பத்துக்கென்று கார் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் பிரான்ஸ் நாட்டிற்குப் புதிதன்று. 1930களின் பிற்பகுதியில் சித்ரோவென் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய பியேர் பூலாஞ்சே என்பவர், தம் பொறியியலாளரிடம் ஒரு வேண்டுகோளை விடுத்தார். நாட்டுப்புறத்து உழவர் இருவர், 50 கிலோகிராம் உருளைக்கிழங்குடன் ஏறிச் செல்லத்தக்க வண்டி வேண்டும். உழுத வயலின் ஊடாக ஓட்டிச் சென்றாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடைதலாகாது. எரிபொருளும் மிகச் சிறிதளவே செலவாக வேண்டும். போர் குறுக்கிட்டமையால் அம்முயற்சி தடைப்பட்டு, 1948ஆம் ஆண்டிலேயே அவ்வண்டி பாரிஸ் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. ‘2 சே.வே.’ என்பது அதன் பெயர். அதன் தோற்றத்தைக் கண்டு நகைத்தவர் பலர். எனினும், 1990ஆம் ஆண்டுவரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள் அது உற்பத்தி செய்யப்பட்டது.

அதற்கு விடையாக ரெனோ நிறுவனம் 1961இல் வெளியிட்டது ‘ரெனோ 4’. நிறுவனத்தின் தலைவராக இருந்த பியேர் துரேஃபுஸ், நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும், வேலை நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் ஒருங்கே பயன்படும் வண்டி வேண்டுமென்றார். தட்டையான தளம், பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் அகன்ற கதவு, முன்சக்கரங்களை இயக்கும் இயந்திரம் ஆகியவை அதன் சிறப்புகள். பின்னிருக்கையை அகற்றினால் மூட்டைகள் ஏற்றலாம்; மீண்டும் பொருத்தினால் குடும்பம் ஏறலாம். 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின. அவை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனையாயின. ஸ்பெயின், யூகோஸ்லாவியா, மொரோக்கோ, ஆர்ஜென்ரீனா, கொலம்பியா முதலிய நாடுகளில் அதனை ஒருங்கிணைத்தும் உருவாக்கியும் வந்தனர்.

இவ்விரண்டும் பிரான்சிலேயே சிந்திக்கப்பட்டு, பின்னர் பிற நாடுகளுக்குச் சென்றவை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். குவிட்டின் வரலாறோ வேறு திசையிற் செல்கிறது. அதனை விளங்கிக்கொள்ள, இடையே ஒரு படியை நாம் கடந்தாக வேண்டும்.

1990களின் இறுதியில் ரெனோவின் தலைவராக இருந்தவர் லூயி சுவைட்சர். வளரும் நாடுகளின் மக்கள் வாங்கத்தக்க புதிய கார் ஒன்றை 5,000 யூரோ விலையிற் செய்ய வேண்டும் என அவர் துணிந்தார். 1999இல் ருமேனிய நாட்டின் டாசியா நிறுவனத்தை ரெனோ வாங்கியது. 2004இல் அங்கு ‘லோகன்’ என்னும் கார் பிறந்தது. அதன் சிக்கனம் எளிய உபாயங்களால் ஆனது. இடப்புறக் கண்ணாடியும் வலப்புறக் கண்ணாடியும் ஒரே அச்சிற் செய்யப்பட்டன. ஆகவே இரண்டு அச்சுகளுக்குரிய செலவு மிஞ்சியது. சாரதிக்கு முன்னுள்ள பலகை பல துண்டுகளாகவன்றி ஒரே வார்ப்பாக அமைந்தது.

ஐரோப்பாவிற் பெருவெற்றி கண்ட லோகன், 2007இல் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்தபோது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. காரணங்களில் ஒன்று மிகச் சிறியது போலத் தோன்றும், விளைவோ பெரிது. இந்தியாவில் அந்நாளில் நான்கு மீற்றருக்கு உட்பட்ட நீளமும் சிறிய இயந்திரமும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி குறைவாக இருந்தது. லோகனின் நீளம் நான்கு மீற்றரைக் கடந்திருந்தது. வேறொரு நாட்டுக்காக அளந்த சட்டை, இந்நாட்டு உடம்புக்குப் பொருந்தவில்லை. 2010இல் அந்தக் கூட்டு முயற்சியிலிருந்து ரெனோ விலகிக்கொண்டது.

அதே 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சென்னைக்கு அண்மையிலுள்ள ஒரகடத்தில் ரெனோவும் யப்பானிய நிசான் நிறுவனமும் சேர்ந்து அமைத்த பெருந்தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டது. செங்கற்பட்டுக்கு அண்மையில் இவ்விரு நிறுவனங்களுக்குமுரிய பொறியியல் நிலையமும் வளர்ந்தது. லோகன் புகட்டிய பாடத்தை ரெனோ இம்முறை மறக்கவில்லை. இந்தியருக்கென்று ஒரு காரை இந்தியாவிலேயே இருந்து சிந்திக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அப்பணியின் தலைமை ஜெரார் தெதூர்பே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. லோகனின் வழிவந்த வண்டிகளை வளர்த்தெடுத்தவர் அவர். மற்றவர் ஓய்வை நாடும் வயதில், பாரிஸை விட்டுச் சென்னையில் வந்து தங்கி, இந்தியப் பொறியியலாளரோடும் உதிரிப்பாகம் செய்வோரோடும் நாள்தோறும் கலந்து பணியாற்றினார். 2019இல் அவர் காலமானார்.

ஏற்கெனவே உள்ள காரிலிருந்து சில பாகங்களைக் களைந்து விலையைக் குறைப்பது எளிய வழி. தெதூர்பே குழுவினர் அவ்வழியை நாடவில்லை. முதலில் விலையை முடிவு செய்தனர். பின்னர் அவ்விலைக்குள் அடங்குமாறு ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் சிந்தித்தனர். சக்கரத்தை இறுக்க நான்கு ஆணிகள் வேண்டுமா, மூன்று போதுமா என்பதும் ஒரு கேள்வியாயிற்று. வண்டியின் எடை குறைவாதலின் மூன்றே போதும் என்று கணக்கிட்டனர். குவிட்டின் சக்கரத்தில் மூன்று ஆணிகளே அமைந்தன. மூன்று உருளைகள் கொண்ட 799 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், அதனோடு இணைந்த பற்சக்கரப் பெட்டியும் இவ்வண்டிக்கென்றே புதிதாக உருவாயின. உதிரிப்பாகங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதத்துக்கு மேற்பட்டவை இந்தியாவிலேயே பெறப்பட்டன. கடல் கடந்து பாகங்கள் வருமாயின் கப்பற்கூலியும் சுங்கவரியும் விலையில் ஏறும். நாணய மாற்றத்தின் ஏற்றத்தாழ்வும் தொல்லை தரும். அருகிலேயே செய்விப்போர்க்கு இவ்விடர்கள் இல்லை.

2015 மே மாதத்தில் சென்னையில் முதன்முதலாகக் காட்டப்பட்ட குவிட், அவ்வாண்டு செப்டெம்பரில் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 2 இலட்சத்து 57 ஆயிரம் இந்திய ரூபாய். சிறிதாயினும் நிலத்திலிருந்து 180 மில்லிமீற்றர் உயர்ந்து நின்றமையால், பள்ளமும் மேடும் நிறைந்த வீதிகளுக்கு ஏற்றதாக அமைந்தது. ஓராண்டு சற்றே கழிவதற்குள் இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் மட்டும் அத்தொகை நான்கு இலட்சத்தைத் தொட்டது.

இனி, பிற நாடுகளை நோக்குவோம். ஒரகடத்திலிருந்து குவிட் இலங்கைக்கும் நேபாளத்துக்கும் தென்னாபிரிக்காவுக்கும் சென்றது. இயந்திரத்தின் கொள்ளளவை ஒட்டி வரி விதிக்கப்படும் நம் நாட்டில், ஆயிரம் கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வண்டிகளை நடுத்தர மக்கள் விரும்பியது இயல்பே. 2017இல் பிரேசில் நாட்டின் குரிற்றிபா நகருக்கு அண்மையிலும் குவிட் உற்பத்தி தொடங்கிற்று. பின்னர் இதே அமைப்பை அடிப்படையாகக் கொண்டு மின்கலத்தால் ஓடும் வண்டி ஒன்று 2019இல் சீனாவில் வெளிவந்தது. அதன் மறுவடிவமே ‘டாசியா ஸ்பிரிங்’ என்னும் பெயருடன் 2021 முதல் ஐரோப்பாவில் விற்பனையாகிறது. பிரெஞ்சுக்காரர் தம் நாட்டில் சிந்தித்ததைக் கீழ்த்திசைக்கு விற்ற காலம் போய், தமிழ்நாட்டில் சிந்தித்தது சீனாவின் வழியாகப் பாரிஸ் வீதியை அடைந்திருக்கிறது.

என் மாணவரின் முதற் கேள்விக்கு இவ்வரலாறே விடையாகும். பெயராலும் முதலாலும் அது பிரெஞ்சு வண்டி. சிந்தனையாலும் உழைப்பாலும் பெரும்பகுதி தமிழ்நாட்டு மண்ணுக்குரிய வண்டி. ஆனால், இரண்டாவது கேள்வி ஒன்று உண்டல்லவா? “நம்பி வாங்கலாமா?” என்பதே அது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகளாவிய கார்ப் பாதுகாப்பு அமைப்பான குளோபல் என்கப், இந்தியக் குவிட்டைச் சோதித்தது. மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியை ஒரு தடையின்மீது மோதவிட்டு, உள்ளே அமர்த்திய பொம்மைகளுக்கு நேரும் சேதத்தை அளப்பது அச்சோதனையின் முறை. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காற்றுப்பை பொருத்திய வகைக்கும் அதே முடிவு. அடுத்து வண்டியின் கட்டமைப்பைச் சற்றுத் திருத்தினர். அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த சோதனையில் ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

இதே குவிட் 2017இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்தபோது அதன் உடற்கட்டு வலுப்படுத்தப்பட்டிருந்தது. எல்லா வண்டிகளிலும், மிகக் குறைந்த விலையுள்ளதிலும், நான்கு காற்றுப்பைகள் பொருத்தப்பட்டிருந்தன. இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குரிய சோதனையில் அது மூன்று நட்சத்திரங்களைப் பெற்றது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, நிறுவனமும் ஒன்று. ஆயினும் ஒரு நாட்டுக் குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு, மற்றொரு நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? பிரேசிலில் சாரதிக்கும் அருகில் அமர்வோர்க்கும் காற்றுப்பை வேண்டுமென்ற சட்டம் 2014 முதலே முழுமையாக நடைமுறையில் இருந்தது. இந்தியாவில் சாரதிக்குரிய காற்றுப்பை 2019 யூலையிலேயே கட்டாயமாயிற்று. அருகில் அமர்வோர்க்குரியது 2021இலேயே கட்டாயமாயிற்று. சட்டம் கேட்ட இடத்தில் நிறுவனம் கொடுத்தது. கேட்காத இடத்தில் கொடுக்கவில்லை. அறிவில்லாமையால் நேர்ந்த குறையன்று இது. மூன்று ஆணிகள் போதுமென்று கணக்கிடும் நுண்ணறிவு படைத்தோர்க்கு, மோதலைத் தாங்கும் கட்டமைப்பைச் செய்யத் தெரியாதா? பிரேசிலிற் செய்து காட்டினார்களே.

மறுபக்க நியாயத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. வண்டி செய்வோர், “எமது வாடிக்கையாளர் பலர் மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு ஏறுபவர்கள். மோட்டார் சைக்கிளைவிட எமது சிறிய கார் பாதுகாப்பானதே, விலையை ஏற்றினால் அவர்கள் மீண்டும் மோட்டார் சைக்கிளுக்கே செல்வார்கள்” என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. பன்வில வீதியில், மழையில், முச்சக்கர வண்டிக்குள் நெருங்கி அமர்ந்திருக்கும் குடும்பத்தைக் கண்டவன் என்ற வகையில் நான் இதனை எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். கதவும் கூரையும் இருக்கைப் பட்டியும் உள்ள எந்தக் காரும் அக்குடும்பத்துக்கு ஒரு முன்னேற்றமே. ஆனால், ‘முன்னிருந்ததைவிட மேல்’ என்பது ஒன்று. ‘இயன்ற அளவு நன்று’ என்பது வேறொன்று. ஏழை மாணவனுக்குக் கிழிந்த புத்தகமே போதும் என்று ஓர் ஆசிரியர் கூறுவாராயின், அதனை நாம் ஏற்போமா?

நமது நாட்டு நிலையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 2018ஆம் ஆண்டை ஒட்டி, காற்றுப்பைகளும் வழுக்காத தடுப்புமுறையும் இல்லாத கார்களின் இறக்குமதிக்கு நம் அரசு கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவிலிருந்து வந்த சிறிய கார்கள் அதன் பின்னர் அதற்கேற்ப மாறி வந்தன. பிரேசிலில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது: கேட்டோம், கிடைத்தது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தொடர்ந்து வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியில் அத்தடை நீண்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. புதிதாக வாங்கிய விலையினும் கூடுதலாகப் பழைய வண்டியை விற்றவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆண்டு செல்லச் செல்ல விலை குறையும் என்ற பழைய கணக்கு பொய்த்தமையால், வாங்குவோர் விலையையே பார்த்து, மற்றவற்றைப் பாராது விடும் பழக்கமும் வளர்ந்தது.

ஒரு கிழமை கழித்து என் மாணவர் வந்தார். நான் அவருக்குக் கூறியது இதுவே: “தம்பி, வண்டியின் நெற்றியில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று பாராதீர்கள். அது எந்த ஆண்டில், எந்தச் சட்டத்துக்கு அமையச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஒரே பெயருடைய இரண்டு வண்டிகளுள் ஒன்றில் காற்றுப்பை இருக்கும், மற்றொன்றில் இராது. சாரதிக்கு மட்டுமா, அருகில் அமரும் உங்கள் மனைவிக்கும் உண்டா என்று கேளுங்கள். முன்னர் மோதுண்ட வண்டியாயின், விரிந்த காற்றுப்பைக்குப் பதிலாகப் புதியது பொருத்தப்பட்டதா, வெறும் மூடியை மட்டும் ஒட்டியிருக்கிறார்களா என்று அறிந்தவர் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். பின்னிருக்கையில் பட்டிகள் உண்டா என்றும் பாருங்கள். இவை எல்லாவற்றையும் பார்த்த பின்னர் நிறத்தைப் பாருங்கள்.”

அவர் அவ்வாறே வினவியபோது, விற்க வந்தவர் நகைத்தாராம். “இதையெல்லாம் இதுவரை எவரும் கேட்டதில்லையே” என்றாராம். முன்னிருக்கையில் இரண்டு காற்றுப்பைகளும் இல்லாத வண்டி அது. என் மாணவர் அதனை வாங்காது திரும்பிவிட்டார். மலையேறும் வீதியில் அவருடைய தாயார் இன்னும் சில மாதங்கள் பேருந்திற் செல்ல வேண்டியிருக்கும். அது எனக்கும் வருத்தமே. எனினும், அன்று அவர் அதனை வாங்கியிருந்தால் நான் அதைவிட வருந்தியிருப்பேன்.

நேயர்களே, உழவனின் முட்டை உடையாத வண்டி வேண்டும் என்று ஒருவர் கேட்டார்; அப்படி ஒரு வண்டி உருவாயிற்று. குறைந்த விலையில் வேண்டும் என்று மற்றொருவர் கேட்டார், அதுவும் உருவாயிற்று. பிரேசில் நாட்டுச் சட்டம் காற்றுப்பை வேண்டும் என்று கேட்டது. அந்நாட்டார்க்கு அது கிடைத்தது. “இதுவரை எவரும் கேட்டதில்லை” என்ற அந்த விற்பனையாளரின் சொல் பொய்யன்று. அதுவே நம் குறை. அடுத்த முறை நம்முள் எவரேனும் ஒரு வண்டியின் முன் நிற்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னர் அந்தக் கேள்வியைக் கேட்பாராக.